மஞ்ச வீட்டுல பந்து வுழுந்தா அவுட்டு

…இந்தப் பக்கம் மட்டும் வலை கட்டல பாரும்மா வஜீதா. நல்லா எட்டிப் பாரு. மீதி மூணு பக்கமும் தென்ன மரம் ஒசரத்துக்கு வலை. பேங்க்கு பக்கம் வலை, பள்ளிவாசல் தெரு பக்கம் வலை, ரயில் ரோட்டு பக்கம் கூட வலை. ரயிலு மேல பந்து பட்டா ரயிலுக்கு வலிக்குமாம். எங்க வீட்டுப் பக்கம் மட்டும் தொறந்து போட்டிருக்கானுங்க. ஏன்டான்னு கேட்டா, பாரம்பரியமாம்.

உறை மோருக்குத் தானே வந்த, தர்றேன், எங்க ஓடிடப் போவுது. ஒக்காரு. இல்ல இல்ல, அந்த சேர்ல ஒக்காராத, அது பந்து வர்ற வழி. இப்டி செவுத்தோரம் வா. நீ பக்கத்து வீட்டுக்கு குடி வந்து ஒரு மாசம் கூட ஆவல இல்ல? வாணியம்பாடில ஒங்க வீட்டாண்ட கிரவுண்டு இருந்துச்சா? இல்லியா. குடுத்து வெச்சவ நீ.

இரு… கத்துறாங்க. யாருக்கு கத்துறாங்கன்னு தெரில. நான் பாக்க மாட்டேன். இன்னிக்கி நடக்கறது என்னா மேட்சுன்னு எனக்கு தெரியும், அதனால தான் பாக்க மாட்டேன். முதுக காட்டி ஒக்காந்து பூண்டு உரிக்கிறேன் பாரு. அரைக் கிலோ உரிச்சாச்சி. வீட்ல இருக்கறது மூணு பேரு, இவ்ளோ பூண்ட என்ன பண்ணப் போறேன்னு தெரில.

எம் மருமவள பாத்திருப்ப நீ. பிரிசில்லா. காலைல கம்பெனி பஸ்ஸுக்கு ஓடுவாளே, ஒரு கைல டிபன் பையி, தோள்ல பேட்டு பையி. அவ தான். ஷூ கம்பெனில மெஷின் தைக்கிறா. கம்பெனில லேடீஸ் டீம் ஆரம்பிச்சப்ப சும்மா பேர் குடுத்தா, இப்ப அவ இல்லன்னா டீமே இல்ல. கல்யாணத்துக்கு முன்னாடி மாதனூர்ல அண்ணன் தம்பிங்களோட சேந்து வெளையாடுவாளாம். பொண்ணு பாக்கப் போனப்ப இத ஒருத்தரும் எங்க கிட்ட சொல்லல. சமைப்பாளான்னு கேட்டேன், சமைப்பான்னாங்க. பாடுவாளான்னு கேட்டேன், சர்ச்சு கொயர்ல இருக்குறான்னாங்க. சிக்ஸர் அடிப்பாளான்னு கேக்கணும்னு எனக்கு தோணுமா?

அடிப்பா. நல்லாவே அடிப்பா. அது தான் பேஜாரு.

போன ஞாயித்துக்கெழம கிரவுண்ட புதுப்பிச்சி தொறந்தாங்க இல்ல, நீ கூட மாடிலேர்ந்து கொஞ்ச நேரம் பாத்துட்டு எறங்கிட்ட. மொதல் மேட்சே லேடீஸ் மேட்சு, ரெண்டு கம்பெனிக்கு நடுவுல. ஜில்லா டீமுக்கு ஆள் எடுக்கறவங்க வந்து புது சேருங்கள்ல ஒக்காந்திருந்தாங்க. அதுல பேர் வந்துச்சின்னா எம் மருமவ வெளியூர் வெளியூரா போய் ஆடலாம், கம்பெனியும் லீவு குடுக்கும். கடசி நேரம். ஜெயிக்க ஒரு அடி தான் பாக்கி. இவ அடிச்சா பாரு… மேல போன பந்து எறங்கறதுக்கு மனசே வராம போய், எங்க மாடி தண்ணி டேங்க்கு மூடி மேல வுழுந்து, உருண்டு இங்க வாசல்ல வந்து நின்னுச்சி. ஒலகத்துல வேற எந்த கிரவுண்டா இருந்தாலும் அது சிக்ஸரு. இங்க அந்த அம்பயர் வேலாயுதம் வெரல தூக்கிட்டான். ட்ரில் மாஸ்டரா இருந்து ரிட்டயர் ஆனவன், வெரல தூக்கறதுன்னா அவனுக்கு பாயசம் குடிச்சா மாதிரி. அவுட்டு. மேட்சும் போச்சி.

முழிக்காதம்மா, சொல்றேன். இந்த கிரவுண்டுல அது தான் ரூலு. பந்து எங்க வேணா போவலாம். மஞ்ச வீட்டுக்குள்ள வுழுந்தா அடிச்சவங்க அவுட்டு. மஞ்ச வீடு இது தான். இப்ப பச்ச பெயிண்டு அடிச்சிட்டோம், ஆனாலும் இது மஞ்ச வீடு தான்.

எல்லாத்தயும் மாத்துனவங்க இத மட்டும் ஏன் வெச்சாங்கன்னு கேளு. கேக்க மாட்ட நீ, மரியாதயான பொண்ணு. நானே சொல்றேன்.

இதுக்கு பேரு பட்டை கிரவுண்டு. அந்த காலத்துல தோலு பதம் போட ஆவாரம் பட்ட தான். ஊற வெச்சி, சாறு எறங்குன பொறவு சக்கைய வண்டி வண்டியா இங்க கொட்டுனாங்க. கொட்டிக் கொட்டி மேடாகி, கால் வெச்சா மெத்து மெத்துன்னு ஆச்சி. அதும் மேல பட்டறை மொதலாளிங்க பேட்டு பந்து எடுத்துக்கினு ஆட வந்துட்டாங்க. நூறு வருசத்து கிரவுண்டு. இப்ப புல்லு போடறதுக்காக நோண்டுனாங்க பாரு, அத்தன வருசத்து வாசனையும் எழும்பி மேல வந்துச்சி. தெருவே மூக்க பொத்திக்கினு நடந்துச்சி. பழசு எதயும் வுடக் கூடாதுன்னாங்களே, இந்த நாத்தத்தயும் காப்பாத்திடுவாங்களோன்னு நான் பயந்துட்டேன்.

அந்த பெவிலியன பாத்தியா? சீமை ஓடு அத்தனயும் எறக்கி, ஒவ்வொண்ணுலயும் நம்பர் போட்டு, கழுவி, தொடச்சி, அதே எடத்துல அதே ஓட்ட திரும்ப வெச்சாங்க. ரொம்ப கரெக்டா வெச்சாங்க. முன்ன எங்கங்க ஒழுகுமோ அங்கங்க தான் இப்பவும் ஒழுகுது. ஸ்கோர் போர்டு ரெண்டு. ஒண்ணு கரண்ட்ல ஓடுது, சினிமா கொட்டாய் மாதிரி. இன்னொண்ணு பழைய மர போர்டு, ஆளு ஏணில ஏறி நம்பர் மாட்டணும். கரண்டு போர்டுல எட்டாவது ஓவர் ஓடும்போது மர போர்டுல ஆறாவது ஓவர் தான் முடிஞ்சிருக்கும். பாக்க வந்த ஜனம் தோக்கறப்போ மர போர்ட பாத்து சந்தோசப்பட்டுக்குது.

இதெல்லாம் சௌமியா வேலை. மெட்ராஸ்லேர்ந்து வந்த பொண்ணு, பழைய கட்டடத்த காப்பாத்தறதுக்குன்னே படிச்சிருக்குது. தங்கமான பொண்ணு, அத நான் கொற சொல்ல மாட்டேன். எதுனா பழசுன்னு சொன்னா போதும், அந்த பொண்ணுக்கு கண்ணுல தண்ணி வந்துடும். அது தான் வெனை.

மறுபடியும் கத்துறாங்க… கைதட்டல் இல்லியே அது? நீ பாக்காத. நீ பாத்தா ஒன் மொகத்த நான் பாப்பேன், அப்பறம் எனக்கு தெரிஞ்சிடும்.

ரூலு எப்டி வந்துச்சின்னு சொல்ல வந்தேன் இல்ல. எங்க மாமியார் காலத்துல. அப்ப இது ஓட்டு வீடு, மாமனாருக்கு பட்டறைல தோல ஊற வெக்கிற தொட்டில வேலை. ஒரு நாளு மாமியார் மீன் கொழம்பு வெச்சி எறக்கி வெச்சிருக்காங்க. பந்து வந்து ஓட்ட பேத்துக்கினு சட்டிலயே வுழுந்துச்சி. சட்டி ரெண்டா போச்சி. மாமியார் பந்த எடுத்துக்கினு உள்ள போய் கதவ சாத்திட்டாங்க. பசங்க வந்து கேட்டானுங்க, தரல. மேஸ்திரி வந்து கேட்டாரு, தரல. கடசீல பெரிய மொதலாளியே வந்தாராம், அவரு தான் டீமுக்கு கேப்டனு, வெள்ள பேண்ட்டு வெள்ள சட்ட. அப்பல்லாம் எங்க தெருவுக்குள்ள மொதலாளிங்க வர மாட்டாங்கம்மா. ஆளு அனுப்புவாங்க, நாம போய் கைய கட்டிக்கினு நிக்கணும். அவரு வந்து எங்க வாசல்ல நிக்கிறாரு. மாமியார் கதவ தொறந்து, ஒங்களுக்கு பந்து தான் போச்சி, எங்களுக்கு இன்னிக்கி சோறு போச்சின்னு சொல்லி பந்த கைல குடுத்தாங்களாம்.

மறுநாளே ரூலு போட்டுட்டாரு. அந்த வீட்ல பந்து வுழுந்தா அவுட்டு. ஆனா இந்த மதிலு ஒசரம் பாரு, உள்ள வுழுந்துச்சா வெளிய வுழுந்துச்சான்னு அம்பயருக்கு எப்டி தெரியும்? அதுக்கும் அவரே சொன்னாரு, வீட்டுக்காரம்மா பந்த எடுத்து கைய தூக்கி மதிலுக்கு மேல காட்டட்டும். காட்டுனா அவுட்டு, காட்டலன்னா இல்ல. அவ்ளோ தான். பட்டறைல கூலி வேல செய்யறவரு பொஞ்சாதி கைய தூக்குனா, மொதலாளி வீட்டு புள்ளயே ஆனாலும் பேட்ட கக்கத்துல வெச்சிக்கினு வெளிய போவணும். போனாங்க.

மாமியார் போன பொறவு அந்த வேலை எனக்கு வந்துச்சி. நான் எத்தன பேர அவுட்டாக்கியிருக்கேன் தெரியுமா? தாசில்தார அவுட்டாக்கியிருக்கேன். பேங்க்கு மேனேஜர அவுட்டாக்கியிருக்கேன், அப்பறம் லோனு கேட்டு போனப்ப மூஞ்சிய திருப்பிக்கினாரு. எங்க சபை பாஸ்டரயே ஒரு தபா அவுட்டாக்கிட்டேன், அடுத்த வாரம் பிரசங்கம் பூரா மன்னிப்ப பத்தி தான். எம் புருசன் இருந்தவரைக்கும் சொல்லுவாரு, வீட்ல ஒன் வாயி, வெளிய ஒன் கையி, நான் எங்க தான் போறதுன்னு.

இப்ப இந்த ரூல எடுத்துடறதா தான் இருந்தாங்க. கிரவுண்டு செக்ரட்டரி முனிரத்தினம், மண்டி வெச்சிருக்காரே, அவரு மீட்டிங்கு போட்டு தெருக்காரங்க எல்லாத்தயும் கூப்டு சொன்னாரு. நாலு பக்கமும் வலை வரும், இனிமே யார் வீட்லயும் பந்து வுழாது, அதனால மஞ்ச வீட்டு ரூலு தேவயில்லன்னு. எல்லாரும் சரின்னாங்க. யாருக்காவது எதுனா சொல்லணுமான்னு கேட்டாரு. பேசாம இருந்திருக்கலாம். எவளோ ஒருத்தி எழுந்துட்டா.

எழுந்து கேட்டா, ஒழுகுற ஓட்டுக்கெல்லாம் நம்பர் போட்டு காப்பாத்துறீங்க, எங்க மாமியார் தூக்குன கைய எந்த எடத்துல வெப்பீங்கன்னு. அவ்ளோ தான். சௌமியா கண்ணுல பொல பொலன்னு தண்ணி. கட்டடம் மட்டும் பாரம்பரியம் இல்ல, இது தான் உயிரோட இருக்கற பாரம்பரியம்னு அந்த பொண்ணு எழுந்து பேச, ஜனம் கைதட்ட, முனிரத்தினம் சரின்னுட்டாரு. உள்ளூர் மேட்சுக்கு ரூலு இருக்கும். ரூலு இருக்கணும்னா பந்து வீட்டுக்குள்ள வரணும், பந்து வரணும்னா வலை கூடாது. அந்தப் பக்கம் மதிலுல பித்தள தகடு வேற பதிச்சாங்க, ரூலு மொத்தமும் எழுதி.

யாரு அந்த ஒருத்தியா? வேற யாரு. இந்த தெருவுல எழுந்து பேசறதுக்கு என்ன வுட்டா எவ இருக்கா?

பிரிசில்லா அப்பவே சொன்னா. அத்த, நான் பெரிய அடி அடிச்சா லெக் சைடு தான் போவும், நம்ம வீடு கரெக்டா அங்க தான் இருக்குது, வலை கட்டட்டும் வுடுங்கன்னு கெஞ்சுனா. நான் என்ன சொன்னேன்? இம்மாம் பெரிய கிரவுண்டுல வேற எடமா இல்ல, அந்தாண்ட திரும்பி அடின்னு சொன்னேன். அவ என்ன ஒரு பார்வ பாத்துட்டு வேலைக்கி போய்ட்டா.

என்னா கேட்ட? …ஆமா, கைய காட்டுனா தான் அவுட்டு. போன வாரமும் அதே ரூலு தான். ஆமா.

நீ கணக்குல கெட்டிக்காரி தான்.

நான் தான் தூக்குனேன்.

யாரு அடிச்சதுன்னு எனக்கு எப்டிம்மா தெரியும்? அவ ஆடறத பாத்தா எனக்கு படபடன்னு வரும்னு உள்ள ஒக்காந்திருந்தேன். மாடில டம்முன்னு சத்தம். ஓடி வந்தேன். புது கிரவுண்டு, புது தகடு, ஃபோட்டோக்காரங்க, சேரு நெறய ஜனம், அத்தன பேரும் இந்த மதிலயே பாக்குறாங்க. நான் புதுப் பொடவ வேற கட்டியிருந்தேன். கை தானா போச்சி மேல. கொடியேத்தறா மாதிரி தூக்குனேன். ஜனம் கைதட்டுச்சி பாரு… நான் சிரிச்சிக்கினே ஆட்டுக்கல்லு மேல ஏறி எட்டிப் பாக்குறேன். பேட்ட தரையில இழுத்துக்கினு ஒருத்தி போறா. நடைய பாத்தே தெரிஞ்சிடுச்சி.

அன்னிலேர்ந்து என்னாண்ட பேசல. சண்ட போட்டா கூட பரவால்ல, நானும் நாலு வார்த்த பேசலாம். வேளா வேளைக்கி சோறு போடுறா, மாத்தர எடுத்து வெக்கிறா. ஆனா எம் புள்ள வசந்த் கிட்ட தான் பேச்சு. ஒங்க அம்மாவ சாப்ட வர சொல்லுங்கன்னு, நான் அங்கியே நிக்கறப்ப. நேத்து வசந்த் வீட்ல இல்ல. செவுத்த பாத்து சொன்னா. எங்க செவுரு கிட்ட என்ன வுட மரியாதயா பேசுறா அவ.

ஆள் எடுக்கறவங்க நல்லவங்க. அந்த அடிய பாத்தோம், இன்னும் ஒரு மேட்சு பாத்துட்டு சொல்றோம்னு சொல்லிட்டு போனாங்க. அந்த மேட்சு தான் இன்னிக்கி. காலைல கெளம்பறப்ப வசந்த் கிட்ட சொன்னா, ஒங்க அம்மா கிரவுண்டுக்கு வர வேணாம்னு. சர்ச்சுல கூட தனி பெஞ்சுல ஒக்காந்தா. நான் என்ன ஜெபம் பண்ணேன் தெரியுமா? கர்த்தரே, அவ எத்தன சிக்ஸர் வேணா அடிக்கட்டும், எல்லாம் பேங்க்கு பக்கம் போவட்டும்னு.

அய்யோ, தல. தலைய குனி.

பட்டுச்சா? ஒண்ணும் ஆவல இல்ல? எங்க வுழுந்துச்சி, தொட்டியாண்டயா? இரு, என் கையெல்லாம் பூண்டு. யாரு அடிச்சதுன்னு மொதல்ல பாக்கணும், எதிர் டீமா கூட இருக்கலாம், அவசரப்படக் கூடாது. நான் ஏறி பாக்குறேன், நீ அது வரைக்கும் பந்த மட்டும் எடுத்து…

வஜீதா. ஏம்மா. கைய எறக்கு. எறக்கும்மா கைய.

தூக்கிட்டியே. இம்மாம் நேரம் நான் சொன்ன கதைய கேட்டு தூக்கிட்டியே. நல்ல பொண்ணு தான் நீ, ஒதவின்னு நெனச்சி தான் தூக்குன, ஒன்ன சொல்லி குத்தமில்ல. அழாத. என்ன புடிச்சிக்க, ஆட்டுக்கல்லு ஆடுது… பேட்டோட யாரு நிக்கிறா… ஜட ரெண்டா மடிச்சி கட்டி…

நம்மவ தான்.

வேலாயுதம் சார். வேலாயுதம் சார், இங்க பாருங்க. வெரல எறக்குங்க. எறக்குங்க சார், அது செல்லாது. …கைய பாத்தீங்க, சரி. யாரு கைன்னு பாத்தீங்களா? வஜீதா, இன்னொரு தபா தூக்கு. பந்து இல்லாம தூக்கு, பந்த இங்க குடு. அங்க பாருங்க சார், முழங்கை வரைக்கும் மருதாணி. அவங்க தங்கச்சி நிக்காவுக்கு வெச்சது. எனக்கு எங்க கல்யாணத்துக்கே மருதாணி வெக்கல. இவங்க பக்கத்து வீட்டு பொண்ணு, உறை மோருக்கு வந்தவங்க. வீட்டுக்காரி நான். நான் கைய தூக்குனேனா?

…வுழுந்துச்சா இல்லியான்றது கேள்வியே இல்ல செக்ரட்டரி சார். தகட்டுல இன்னா எழுதியிருக்குன்னு படிங்க. ‘வீட்டுக்காரர் கையை உயர்த்திக் காட்டினால்’. நல்லா சத்தமா படிங்க, நீங்க பதிச்ச தகடு தானே. சௌமியாம்மா, நீங்களே சொல்லுங்க, இதுல ஒரு எழுத்து மாத்தக் கூடாதுன்னு சொன்னது நீங்களா நானா? …மனசாட்சியா? சார், பெரிய மொதலாளி எங்க மாமியார மனசாட்சிய காட்ட சொல்லல. கைய தான் காட்ட சொன்னாரு. இதோ என் ரெண்டு கையும் கீழ இருக்குது. ஒண்ணுல பந்து, ஒண்ணுல பூண்டு. பாத்துக்குங்க.

கூடி பேசுறாங்க வஜீதா. முனிரத்தினம் தலைய சொறியிறாரு. சௌமியா தகட்ட தடவிப் பாக்குது. ஆள் எடுக்கறவங்க ரெண்டு பேரும் எழுந்து நின்னு சிரிக்கிறாங்க, நல்ல சிரிப்பா கெட்ட சிரிப்பான்னு தெரில. வேலாயுதம் திரும்ப உள்ள போறான்… நிக்கிறான்… தூக்குறான். ரெண்டு கை. ரெண்டு கையும்மா. சிக்ஸரு.

வுட்டுடாத, புடிச்சிக்க.

அவ வர்றா. பிரிசில்லா. ஏன் இங்க வர்றா, அவ போய் ஆடணும் இல்ல? பேட்ட தோள்ல வெச்சிக்கினு, மதிலு கிட்டயே வந்துட்டா. என்ன பாத்து தான் வர்றா. இன்னா சொல்லப் போறாளோ, நான் வாயே தொறக்க மாட்டேன்ப்பா…

கேட்டியா? கேட்டியா நீ? அத்த, பந்த போடுங்கன்றா. செவுத்த பாத்து சொல்லல. வசந்த் கிட்ட சொல்லல. அத்தன்னு என் மூஞ்சிய பாத்து சொல்றா.

தோ போடறேன்ம்மா பிரிசில்லா, தோ…

வஜீதா, நீ போடு. இந்தா புடி, நீயே போடு. நான் போட்டா கைய தூக்கணும், அந்த வேலாயுதம் அங்க என்னயே பாத்துக்கினு நிக்கிறான்.